மலையில் மழை என்றால் முடிவை வீட்டிலேயே எடுங்கள்

பாபநாசம், சொரிமுத்து அய்யனார் கோவில், அங்கிருந்து குற்றாலம் என்று சனி, ஞாயிறுக்குப் போட்டிருந்த பயணத்தை வெள்ளிக்கிழமை காலையில் நிறுத்தியவள் நான்தான். சென்னையிலிருந்து அத்தான் குடும்பம் வந்து இறங்கியிருந்தது. வேன் பேசியாகிவிட்டது. குற்றாலத்தில் அறைக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது. புளியோதரைக்குப் புளிக்காய்ச்சல்கூடத் தயார். இவ்வளவுக்கும் பிறகு நிறுத்தினேன். சனிக்கிழமை எதிர்பார்த்த அளவு மழை பெய்யவில்லை. அருவிகளில் குளிக்கத் தடை போட்டவர்கள் ஞாயிறு மதியம் அதை எடுத்துவிட்டார்கள். "பார்த்தாயா, போயிருக்கலாம்" என்று நேற்றிலிருந்து ஆளுக்கு ஆள் சொல்கிறார்கள். குடும்பத்து வாட்ஸ்அப் குழுவில் பதில் சொல்லி மாளவில்லை என்பதால் இங்கே எழுதுகிறேன். போயிருக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்துவிட்டது என்பதற்காக வெள்ளிக்கிழமை எடுத்த முடிவு தவறாகிவிடாது.

வியாழக்கிழமை மதியம் திருநெல்வேலி, தென்காசி இரண்டு மாவட்டங்களுக்கும் வானிலை ஆய்வு மையத்தார் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தார்கள். 24 மணி நேரத்தில் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை மிகக் கனமழை பெய்யலாம் என்பதற்கான நிறம் அது. 7 முதல் 11 வரை என்றால் மஞ்சள். 21 சென்டிமீட்டரும் அதற்கு மேலும் என்றால் சிவப்பு. பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விடுவார்களா என்று பார்ப்பதோடு நம்மில் பலருக்கு இந்த நிறங்களின் வேலை முடிந்துவிடுகிறது. சனி, ஞாயிறு எப்படியும் விடுமுறைதான், அதனால் அந்த இரண்டு நாளைக்கு வருகிற எச்சரிக்கையை யாரும் கண்டுகொள்வதே இல்லை. மலைப்பக்கம் போகிறவர்கள் அதிகம் இருப்பதும் அந்த இரண்டு நாளில்தான்.

வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. "மதினி, இங்கே வெயில் அடிக்கிறது. பாளையங்கோட்டையில் ஒரு சொட்டு மழை இல்லை. எதற்குப் பயப்படுகிறீர்கள்?" என்றான் கொழுந்தன். அவன் பொறுப்பில்லாதவன் இல்லை, கைக்குழந்தைக்குத் தகப்பன். ஆனாலும் சொல்கிறேன், நம் சீமையில் இதைவிட ஆபத்தான பேச்சு வேறு கிடையாது.

பாளையங்கோட்டையில் வெயில் அடித்தால் என்ன, மழை பெய்தால் என்ன? தண்ணீர் இங்கிருந்தா வருகிறது? மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மேலே இருக்கிற எஸ்டேட் பகுதிகளில் பெய்வது மணிமுத்தாறு அருவியில் இறங்குகிறது. பொதிகைச் சரிவுகளில் பெய்வது காரையாறு, சேர்வலாறு வழியாகப் பாபநாசத்துக்கு வருகிறது. அகத்தியர் மலை உச்சி 1,800 மீட்டருக்கு மேல். தாமிரபரணியோ பிறந்த இடத்திலிருந்து புன்னைக்காயலில் கடல் சேர்கிற வரை மொத்தமே 130 கிலோமீட்டருக்குள். உயரம் அதிகம், தூரம் குறைவு, இடையில் முழுக்கப் பாறை. காவிரியில் மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் கல்லணைக்கு வர நாள் கணக்கு ஆகும். நமக்கு அது மணிக்கணக்கு. அருவிகளில் நிமிடக் கணக்கு.

அணைகள் இருக்கின்றனவே என்றார் அத்தான். இருக்கின்றன. பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. அணை பாதி காலியாக இருக்கும்போது பெருமழையை அது வாங்கி வைத்துக்கொள்ளும். கார்த்திகைக் கடைசியில் நிரம்பி நிற்கும்போது வருகிற தண்ணீரை வெளியே விடுவதைத் தவிர வேறு வழி இருக்காது. செங்கோட்டைப் பக்கம் குண்டாறு அணையின் மொத்த உயரமே 36 அடி, மாவட்டத்தில் முதலில் நிரம்பி வழிகிற அணைகளில் அதுவும் ஒன்று. குற்றாலத்து அருவிகளுக்கு மேலே அப்படித் தடுத்து நிறுத்த எந்த அணையும் கிடையாது. மலை விடுவதை அருவி அப்படியே இறக்குகிறது.

2024 மே 17 பலருக்கு நினைவிருக்கும். அது மழைக்காலம்கூட இல்லை, கோடை. பழைய குற்றாலத்தில் ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தபோது மேலே பெய்த மழை திடீரென்று வெள்ளமாக இறங்கியது. சனங்கள் அலறிக்கொண்டு படிகளில் ஓடிய காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனான். திருநெல்வேலிப் பிள்ளை. பேரருவியில் தண்ணீர், குளிக்கிற இடத்தில் இருக்கிற ஆர்ச்சை, அதாவது பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸார் ஒருவரையும் உள்ளே விடுவதில்லை, சரிதான். தாண்டுவதற்கு முந்தைய நிமிடத்தில் அந்த ஆர்ச்சுக்குக் கீழே நிற்கிறவர்கள் யார்? குளிக்க வந்தவர்களும், அவர்கள் கையில் இருக்கிற பிள்ளைகளும்தானே?

எங்களுக்கு வேன் ஓட்டுகிற அண்ணாச்சி விக்கிரமசிங்கபுரத்துக்காரர். வியாழக்கிழமை இரவே அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "காலையில் ஆற்றைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் அம்மா" என்றார். விடிந்ததும் படித்துறையில் நின்றுகொண்டு பேசினார். எவ்வளவு தண்ணீர் போகிறது என்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, நிறத்தைப் பார்க்கிறார். கலங்கல் வருகிறபோது முதலில் கடுந்தேநீர் போல இருக்கும், பிறகு செம்மண் நிறம் ஏறும். அடுத்தது, தண்ணீரோடு என்ன வருகிறது என்பது. காய்ந்த சருகும் குச்சியும் சின்ன மழைக்கே வரும், கரையில் கிடந்ததை அடித்துக்கொண்டு வருவது அது. பச்சை இலை கொத்துக்கொத்தாக, முறிந்த காம்போடு வந்தால் மேலே மழையும் காற்றும் மரத்தையே ஒடித்துக்கொண்டிருக்கின்றன என்று கணக்கு. அன்று காலையில் தண்ணீர் ஒரு படிதான் ஏறியிருந்தது. ஆனால் அந்தப் படியில் பச்சைக் கொத்துகள் நுரையோடு ஒதுங்கிக் கிடந்தன. "பாபநாசம் வரைக்கும் வேண்டுமானால் வண்டி எடுக்கிறேன் அம்மா. வனத்துறை செக்போஸ்டுக்கு மேலே ஏற மாட்டேன். வாடகை போனால் போகட்டும்" என்றார். இரண்டு நாள் வாடகை அவருக்குச் சின்னத் தொகை இல்லை. அதை விட்டுக்கொடுத்து ஒரு மனிதர் வேண்டாம் என்கிறபோது, பணம் கொடுத்துப் போகிற நாம் யாரோடு வாதாடுகிறோம்?

குறுக்குத்துறை முருகன் கோவிலைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே இருக்கிற கோவில். வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் உண்டியலையும் கரையில் இருக்கிற மேலக்கோவிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். தண்ணீர் மண்டபத்துக்குள் வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. நம் முன்னோர் இந்த ஆற்றோடு வாழ்ந்த முறை அது.

2023 டிசம்பர் 17 ஒரு ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். வார இறுதிக்கு ஊருக்கு வந்தவர்கள், கோவிலுக்கு வந்தவர்கள் என்று எல்லோரும் திரும்புகிற நாள். மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, மாஞ்சோலையில் 55 என்று கொட்டித் தீர்த்தது. எச்சரிக்கை உரிய நேரத்தில் வந்ததா என்று மாநில அரசும் மத்திய அரசும் பிறகு வாதாடின. எனக்கு அந்த வாதத்தைவிட ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையம்தான் பெரிதாகத் தெரிகிறது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸை அங்கே நிறுத்தி வைத்தார்கள். சுமார் 800 பயணிகள். செய்துங்கநல்லூருக்குப் போகிற பாதையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நிறுத்தாமல் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது. செவ்வாய்க்கிழமை வரைக்கும் தண்ணீருக்கு நடுவே இருந்தார்கள். தங்கள் வீட்டிலேயே வெள்ளம் புகுந்திருந்த பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அன்று அந்த வண்டியை நிறுத்தியவர் எத்தனை பயணிகளின் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்! தண்டவாளம் மேலோட்டமாகப் பார்த்தால் அப்படியேதானே இருந்திருக்கும்.

மழைக்கு மட்டும் இது பொருந்தும் என்று நினைக்க வேண்டாம். பாகிஸ்தானில் இஸ்லாமாபாத்துக்குப் பக்கத்தில் மர்ரி என்று ஒரு மலையூர். 2022 ஜனவரி 7, வெள்ளிக்கிழமை. பனி கொட்டுகிறது, போய்ப் பார்க்கலாம் என்று வார இறுதிக்குக் குடும்பம் குடும்பமாகக் காரில் ஏறிப் போனார்கள். சாலை பனியில் மூடிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. குளிருக்கு என்ஜினை ஓட விட்டுக்கொண்டு காருக்குள்ளேயே இருந்தார்கள். புகைக்குழாயைப் பனி அடைத்ததில் நச்சுப்புகை உள்ளே வந்து தூங்கியபடியே சிலர் இறந்தார்கள். அந்த ஓர் இரவில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின, பிள்ளைகள் உட்பட. பனியைப் பார்க்க ஆசைப்படுவது குற்றமா? அருவியில் குளிக்க ஆசைப்படுவதும் குற்றம் இல்லை. எந்தச் சனிக்கிழமை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடுத்தது பணம். "கட்டின காசு திரும்பாதே" என்ற பேச்சுதான் வீட்டில் கடைசி வரை நின்றது. உண்மையாகவே திரும்பவில்லை. அந்த விடுதியில் கேட்டால், "மழைக்கெல்லாம் பணம் தர முடியாது, நீங்கள் வந்தால் அறை இருக்கிறது" என்றார்கள். அருவியில் தடை, அறைக்கு மட்டும் வரலாமாம். போனது எங்கள் பணம். போகட்டும். போனாலும் போகாவிட்டாலும் அது போன பணம்தான், அதைக் காட்டி எட்டுப் பேரை வேனில் ஏற்றுவது என்ன நியாயம்? குற்றாலத்தில் நேந்திரம் சிப்ஸ் விற்கிறவர்களும் துண்டும் எண்ணெயும் விற்கிறவர்களும் தடை போட்ட நாளில் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் நட்டத்துக்கு முன்னால் என் முன்பணத்தைப் பெரிதாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

வீட்டில் முதலில் வேண்டாம் என்றது நானும் இல்லை, எங்கள் ஆச்சி. 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர். "மேற்கே கறுத்துக் கிடக்கிறது. பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்போது எதற்கு?" என்று வியாழக்கிழமையே சொன்னார். வயதானவர் அப்படித்தான் சொல்வார் என்று பேச்சை மாற்றிவிட்டார்கள். ஏழு பேர் போகலாம் என்கிறார்கள், ஒருவர் வேண்டாம் என்கிறார் என்றால் ஏழு பெரிது என்று எண்ணுகிறோம். இந்த விஷயத்தில் அந்தக் கணக்கே கூடாது என்பது என் பிடிவாதமான கருத்து. போவதற்கு எல்லோருடைய சம்மதமும் வேண்டும். நிற்பதற்கு ஒருவர் போதும். மூத்தவரோ, ஓட்டுநரோ, பயந்துபோன பிள்ளையோ, யாராக இருந்தாலும். ஏனென்றால் மாட்டிக்கொண்டால் நாம் மட்டும் மாட்டிக்கொள்வதில்லை. கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிற தீயணைப்பு வீரரும், காட்டாற்றைத் தாண்டி வருகிற வனக்காவலரும் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளைகள்தான்.

செக்போஸ்டில் போய் முடிவெடுத்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இவ்வளவு தூரம் வந்துவிட்ட பிறகு எவரும் நிதானமாக யோசிப்பதில்லை. பிள்ளைகள் குளிக்கும் உடையோடு உட்கார்ந்திருக்கும். பக்கத்து வண்டி போகிறதே என்று தோன்றும். அருவி மூடினால் ஆற்றில் எங்கேயாவது இறங்கலாம் என்று யாராவது ஆரம்பிப்பார்கள். காவலுக்கு ஆள் இல்லாத இடத்தைத் தேடிப் போவது அப்படித்தான். முடிவு வீட்டில், வயிறு நிறைந்து உட்கார்ந்திருக்கும்போது எடுக்கப்பட வேண்டும். மலைக்கு மஞ்சள் எச்சரிக்கை என்றால் அருவியை விட்டுவிட்டுக் கோவில், குளம் என்று தரையிலேயே சுற்றுங்கள். ஆரஞ்சு என்றால் மலைப்பக்கமே வேண்டாம். சிவப்பு என்றால் ஊரை விட்டே நகர வேண்டாம். மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் அணை நீர்மட்டத்தையும் நீர்ப்பிடிப்புப் பகுதி மழையளவையும் நாளிதழில் தினமும் போடுகிறார்கள், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

நாங்கள் சனிக்கிழமை நெல்லையப்பர் கோவிலுக்குப் போனோம். தாமிர சபையின் மரவேலைப்பாட்டைப் பார்த்துவிட்டு, இத்தனை வருடமாக இதைப் பார்க்காமலேயே குற்றாலத்துக்கு ஓடியிருக்கிறேனே என்றார் அத்தான். இசைத் தூண்களைப் பிள்ளைகள் தட்டிப் பார்க்க ஆசைப்பட்டன. புளியோதரை வீட்டிலேயே தீர்ந்தது.

ஒன்றை மட்டும் விடப்போவதில்லை. மலைக்கும் அருவிக்கும் ஆரஞ்சோ சிவப்போ கொடுத்திருக்கிற நாட்களில், பயணத்தை நிறுத்துகிறவர்களுக்கு விடுதிகள் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும், இல்லாவிட்டால் வேறு தேதிக்காவது மாற்றித் தர வேண்டும் என்று ஆட்சியர் உத்தரவு போட வேண்டும். பணம் போகாது என்று தெரிந்தால் பாதிப் பேர் வீட்டிலேயே நின்றுவிடுவார்கள். குளிக்கத் தடை என்பதையும் காலையில் கூட்டம் வந்து நின்ற பிறகு சொல்லாமல், முந்தைய நாள் மாலையே அறிவிக்க வேண்டும். மனு எழுதிவிட்டேன். குற்றாலம் இப்போது தென்காசி மாவட்டம் என்பதால் அங்கேதான் கொடுக்க வேண்டும். வருகிற திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறேன். வேன் அண்ணாச்சியும் கையெழுத்துப் போட்டிருக்கிறார், கொழுந்தனும் போட்டிருக்கிறான்.