மேடை வேண்டாம், கணக்கைக் காட்டுங்கள்

'நல்லாட்சியில் இளைஞர் பங்கேற்பு' என்ற தலைப்பில் ஒரு கூட்டமாவது நடக்காத நாடு உலகத்தில் இருக்காது. பேனர், வரவேற்புரை, மூன்று பெரியவர்களின் நீண்ட உரை, கடைசியில் 'இப்போது இளைஞர்கள் பேசலாம், ஆளுக்கு இரண்டு நிமிடம்' என்று ஓர் அறிவிப்பு. அப்புறம் குழுப் படம், சான்றிதழ். அடுத்த மாதம் அதே அலுவலகத்தில் எந்தச் சாலைக்கு எவ்வளவு, எந்தப் பள்ளிக்கு எவ்வளவு என்று பிரிக்கும்போது, படத்தில் சிரித்துக்கொண்டு நின்றவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிட மாட்டார்கள்.

பணம் எங்கே போகிறது என்று முடிவாகும் இடத்தில் இளைஞர்களுக்கு ஒரு கை இல்லையென்றால், அதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைக்காதீர்கள். நிகழ்ச்சி என்று சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இது நான் புதிதாகக் கண்டுபிடித்ததும் அல்ல. ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் 1992-இல் யுனிசெஃபுக்காக எழுதிய கட்டுரையில் சிறுவர், இளையோர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அதில் கீழே இருக்கும் மூன்று படிகளும் பங்கேற்பே இல்லை என்று ஒதுக்கிவிட்டார்: பயன்படுத்திக்கொள்வது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, ஒப்புக்கு உட்கார வைப்பது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. பல ஊர்களின் இளைஞர் குழுக்கள் இன்னும் அந்த மூன்றாவது படியைத் தாண்டவில்லை.

ஏன் தாண்டவில்லை என்பதற்குப் பெரிய சதி எதையும் தேட வேண்டாம். கூட்டம் கூட்டும் முறையைப் பார்த்தாலே போதும். வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம். படிக்கிறவனுக்கு வகுப்பு, வேலைக்குப் போகிறவளுக்கு அன்றைய சம்பளம் போகும். நாற்பது பக்க அறிக்கையை உள்ளே நுழையும்போது கையில் கொடுப்பார்கள். அதில் 'இதர செலவினங்கள்' என்று ஒரு பெரிய தொகை இருக்கும். அது என்ன என்று ஒரு பெண் கேட்டால், 'நல்ல கேள்வி, பிறகு தனியாக விளக்குகிறோம்' என்று பதில் வரும். அந்தப் 'பிறகு' வரவே வராது. அவள் கேட்டது கூட்டக் குறிப்பிலும் ஏறாது. 'உறுப்பினர்கள் கலந்துரையாடினர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அவள் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டாள். உடனே 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொது விஷயத்தில் அக்கறையே இல்லை' என்று ஒரு கட்டுரை வந்துவிடும்.

சரி, நேராகச் சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் போகட்டுமே என்பார்கள். உலக மக்கள்தொகையில் ஏறத்தாழ பாதிப் பேர் முப்பது வயதுக்குக் கீழே இருக்கிறார்கள். உலக நாடாளுமன்ற உறுப்பினர்களில் முப்பதைத் தாண்டாதவர்களோ மூன்று சதவீதம்கூட இல்லை. வயது வரம்பைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பல நாடுகளில் இயக்கம் நடக்கிறது, நடக்கட்டும். நைஜீரியாவில் 2018-இல் அப்படிச் சட்டமே வந்தது. குடியரசுத் தலைவர் பதவிக்கு 40 வயது என்று இருந்தது 35 ஆனது, கீழவைக்கு 30 என்று இருந்தது 25 ஆனது. ஆனால் 2022-இல் அங்கே ஆளுங்கட்சி தன் குடியரசுத் தலைவர் வேட்பாளர் விண்ணப்பத்துக்கு வைத்த விலை 10 கோடி நைரா. வயதில் இளையவர்களுக்குச் சலுகை உண்டு என்றார்கள், பாதியாகக் குறைத்தாலும் எந்த இளைஞன் கட்டுவான்? சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடவில்லை.

அதனால்தான் நான் மேலே இருக்கும் பதவிகளைவிடக் கீழே இருக்கும் பணப்பெட்டியைப் பற்றி அதிகம் பேசுகிறேன். இதில் எல்லாரும் பார்க்க வேண்டிய நாடு பிலிப்பைன்ஸ். அதன் வெற்றிக்காக மட்டும் அல்ல, அது சறுக்கிய விதத்துக்காகவும்.

அங்கே ஆட்சியின் மிகச் சிறிய அலகு பராங்கை. நாடு முழுவதும் 42,000-க்கு மேல் இருக்கின்றன. 1991-இல் வந்த உள்ளாட்சிச் சட்டம் ஒவ்வொரு பராங்கையிலும் இளைஞர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் இளைஞர் மன்றம் ஒன்றை உருவாக்கியது. 'சங்குனியாங் கபத்தான்' என்று பெயர். அதன் தலைவருக்கு பராங்கை மன்றத்தில் இடம் உண்டு. அதைவிட முக்கியம், பராங்கையின் பொது நிதியில் பத்து சதவீதம் இளைஞர் மன்றத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். ஆலோசனை சொல்லும் உரிமையோடு நிறுத்தவில்லை, செலவழிக்கும் உரிமையையும் கொடுத்தார்கள்.

என்ன ஆனது? கொஞ்ச காலத்தில் புகார்கள் கிளம்பின. பணமெல்லாம் கூடைப்பந்துப் போட்டிக்கும் அழகிப் போட்டிக்கும் போகிறது என்றார்கள். அரசியல் குடும்பத்துப் பிள்ளைகள் பதவி பழகும் இடமாகிவிட்டது என்றார்கள். (இதற்கு முன்னோடி ஒன்றும் இருந்தது. அந்த நாட்டை அப்போது ஆண்ட குடியரசுத் தலைவர் மார்க்கோஸ் 1975-இல் தொடங்கிய இளைஞர் அமைப்புக்குத் தலைவராக வந்தவர் அவருடைய மகளே.) கலைத்துவிடலாம் என்ற பேச்சு பலமாக எழுந்தது, 2013-இல் நடக்க வேண்டிய தேர்தலும் தள்ளிப்போனது.

கடைசியில் அவர்கள் கலைக்கவில்லை, திருத்தினார்கள். 2016 ஜனவரியில் வந்த சீர்திருத்தச் சட்டத்தில் என்னைக் கவர்ந்தது இதுதான்: பதவியில் இருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் நெருங்கிய ரத்த உறவினர் அங்கே போட்டியிடக் கூடாது. மற்ற எந்தத் தேர்தலுக்கும் வாரிசுத் தடையைக் கொண்டுவர முடியாத நாடு, இளைஞர் மன்றத்துக்கு மட்டும் கொண்டுவந்தது! அதோடு போட்டியிடுவோரின் வயது 18 முதல் 24 என்று ஆனது. அதற்கு முன்பு பதினெட்டு நிரம்பாதவர்கள் பொறுப்பில் இருந்ததால், ஒப்பந்தத்துக்கும் செலவுக்கும் சட்டப்படி யார் பதில் சொல்வது என்ற சிக்கல் இருந்தது. வாக்களிக்கும் வயது 15 முதல் 30. பதவி ஏற்கும் முன் கட்டாயப் பயிற்சி. மன்றத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு. திருத்திய விதிகளோடு 2018-இல் தேர்தலும் நடந்தது. இப்போதும் குறைகள் இருக்கின்றன, வாரிசுகள் சுற்று வழியில் வரத்தான் செய்வார்கள். ஆனாலும் இளைஞர் மன்றம் தவறு செய்ததும் பணத்தைப் பிடுங்காமல் விதியைத் திருத்தினார்களே, அந்தப் பொறுமை எத்தனை நாட்டில் இருக்கிறது? பெரியவர்கள் நடத்தும் மன்றங்களில் ஊழல் வந்தால் யாரும் 'முதியோருக்கு அனுபவம் போதாது, கலைத்துவிடுவோம்' என்று சொல்வதில்லை.

அனுபவம் போதாது என்ற வாதத்துக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் வேறொரு பதிலைத் தந்தது. 2014-இல் நகரின் மூலதன நிதியில் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, எதற்குச் செலவழிக்கலாம் என்று 12 முதல் 25 வயது வரை உள்ளவர்களை வாக்களிக்கச் சொன்னார்கள். வெறும் வாக்கு மட்டும் அல்ல. வந்து குவிந்த யோசனைகளை இளைஞர்களே எடுத்துக்கொண்டு, நகராட்சி அலுவலர்களோடு உட்கார்ந்து, செலவு மதிப்பீடு போட்டு, நடக்கக்கூடிய திட்டமாக மாற்றிய பிறகுதான் வாக்குச்சீட்டு. பூங்காவைச் சீரமைப்பது, பள்ளிகளுக்கு மடிக்கணினி, ஓவியம் வரையச் சுவர் என்று தேர்ந்தெடுத்தார்கள். வானத்தை வளைக்கும் ஆசை எதுவும் அதில் இல்லை. ஒரு திட்டத்துக்கு என்ன செலவாகும் என்று தெரிந்தவர்கள் அளந்துதான் கேட்பார்கள். அனுபவம் என்று நாம் சொல்வது வேறென்ன?

இப்படி இடம் கொடுக்காத நாடுகளில் என்ன நடக்கிறது என்பதற்குக் கென்யா. 2010-இல் வந்த அந்த நாட்டு அரசியல் சட்டம், சட்டம் இயற்றும்போது நாடாளுமன்றம் மக்களின் பங்கேற்புக்கு வழி செய்ய வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ஏட்டில் குறையே இல்லை. 2024-இல் வரிகளை ஏற்றும் நிதி மசோதா வந்தபோது, இளைஞர்கள் அதை வரி வரியாகப் படித்தார்கள், உள்ளூர் மொழிகளில் பெயர்த்தார்கள், வீடியோவில் விளக்கினார்கள். நிதி மசோதாவைப் பொழுதுபோக்காகப் படிக்கிறவர் யார்? இருந்தும் படித்தார்கள். உள்ளே கேட்கவில்லை என்று ஆனதும் தெருவுக்கு வந்தார்கள். ஜூன் 25 அன்று கூட்டம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. மறுநாள் குடியரசுத் தலைவர் மசோதாவில் கையெழுத்திட மாட்டேன் என்று அறிவித்தார். அந்த முடிவை ஒரு மாதம் முன்பு, ஒரு மேசையில், யாரும் சாகாமல் எடுத்திருக்க முடியாதா?

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இது இளைஞர் அமைப்புகளுக்கே பிடிக்காது. எல்லாக் கூட்டத்திலும் அதே பத்து முகங்கள்தான். நன்றாகப் பேசுவார்கள், படித்த குடும்பம், நகரம், அறிக்கை மொழி அத்துபடி. பட்டறையில் வேலை செய்கிற பையனும், குழந்தையை இடுப்பில் வைத்திருக்கும் இருபது வயதுத் தாயும் அந்தப் பட்டியலில் இல்லை. ரேஷன், பேருந்து, மருத்துவமனை வரிசை பற்றி அதிகம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். பெயர் கேட்டு ஆள் பிடிப்பதை விட்டுவிட்டு, குலுக்கல் முறையில் சிலரையாவது எடுங்கள். வருகிறவர்களுக்கு அன்றைய கூலியைக் கொடுங்கள். இதைச் சொன்னால், 'சேவை மனப்பான்மை வேண்டாமா' என்று கேட்கிறவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்துக்குப் படி வாங்கிக்கொண்டுதான் வந்திருப்பார்.

இதைப் படிக்கும் இளையவர் யாரையாவது நாளைக்கு ஒரு குழுவுக்குக் கூப்பிட்டால், சந்தோஷப்படுங்கள், ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் சிலதைக் கேளுங்கள். எவ்வளவு தொகையில் நாங்கள் முடிவெடுக்கலாம்? ஆவணங்கள் ஒரு வாரம் முன்பே வருமா? நாங்கள் சொன்னதை ஏற்காவிட்டால் காரணத்தை எழுத்தில் தருவீர்களா? கூட்டக் குறிப்பை யார் எழுதுவார்கள், அதை நாங்கள் திருத்தலாமா? எல்லாவற்றுக்கும் 'பார்க்கலாம்' என்றுதான் பதில் என்றால், தாராளமாகப் போய் உட்காருங்கள், பேசுங்கள். வருகைப் பதிவேட்டில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். 'இளைஞர்களுடன் கலந்தாலோசிக்கப்பட்டது' என்று அறிக்கையில் எழுத அவர்களுக்குத் தேவைப்படும் ஆதாரம் அது ஒன்றுதான்.