பயம் விசுவாசத்தைப் பார்த்து அல்ல

போதகர் மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பதில்லை, பெண்களுக்கு விசுவாசம் குறைந்ததுதான் காரணம் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் மார்த்தாண்டம் பக்கம் ஒரு போதகரின் மனைவி. ராத்திரி பதினொரு மணிக்கு மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வைக்கும்போது போன் வரும், ஆஸ்பத்திரியில் ஜெபிக்க வர வேண்டும் என்று, அவர் சாப்பிடாமலே பைக் சாவியை எடுப்பார், நானும் சரி போயிட்டு வாங்க என்பேன். அது பாரமே இல்லை. என்னைச் சம்பளமில்லாத இரண்டாவது ஊழியராக சபை எண்ணுவதுதான் பாரம். பெண்கள் பயப்படுவதும் இதற்குத்தான். 1819-ல் நாகர்கோவில் வந்த மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார், அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் விடுதலை வாங்கினார்கள். அவரையும் மிஷனரியின் மனைவி என்று மட்டும்தானே சொல்கிறோம்? பெண் பார்க்க வரும்போது பாட்டுப் பாடுவாளா, ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பாளா என்று கேட்கிறவர்கள், உனக்கு எந்த ஊழியத்தில் மனசு இருக்கிறது என்று அவளிடம் ஒரு தடவை கேளுங்கள்.