அடியில் ஒரு வரி போட்டால் போதுமா?

'இது செயற்கை நுண்ணறிவால் உருவாக்கப்பட்டது' என்று கீழே ஒரு வரி சேர்த்துவிட்டால் ஊடக அறம் காப்பாற்றப்பட்டுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாசகரிடம் மறைக்கக் கூடாது, சரி. ஆனால் சரிபார்க்க வேண்டிய வேலையை ஆசிரியர் குழுவிடமிருந்து எடுத்து வாசகர் தலையில் கட்டுவதற்கும் அதே வரிதான் பயன்படுகிறது.

கார் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கருக்கு நடந்ததைப் பாருங்கள். 2013 டிசம்பரில் பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கின்போது விழுந்து தலையில் பலத்த காயம். அதற்குப் பிறகு அவர் பொதுவெளிக்கு வரவே இல்லை. அவர் உடல்நிலை பற்றி ஒரு சொல்கூடக் கசியாமல் குடும்பம் காத்து வருகிறது. 2023 ஏப்ரலில் 'டி ஆக்டுவெல்லே' என்ற ஜெர்மன் வார இதழ், அவர் சிரிக்கும் படத்தை அட்டையில் போட்டு 'முதல் பேட்டி' என்று அறிவித்தது. உள்ளே தன் உடல்நிலை பற்றியும் குடும்பம் பற்றியும் அவரே மனம் திறந்து பேசுவதுபோல் பதில்கள். எல்லாம் ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியவை.

இதில் என்னை மிகவும் உறுத்துவது, குறிப்பு இருந்தது என்பதுதான். 'நிஜம்போலவே இருக்கிறது' என்கிற மாதிரி ஒரு வரி அட்டையிலேயே இருந்தது. பதில்கள் எங்கிருந்து வந்தன என்பதும் உள்ளே சொல்லப்பட்டிருந்தது. அதனால் என்ன குறைந்தது? ஏறக்குறைய பத்தாண்டுகளாக ஒரு குடும்பம் யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த வேதனையை, அவர் வாயில் சொற்களைத் திணித்துக் கடையில் விற்றார்கள். பதிப்பு நிறுவனம் மன்னிப்புக் கேட்டது, ஆசிரியரைப் பணிநீக்கம் செய்தது. பிறகு குடும்பத்துக்கு 2 லட்சம் யூரோ இழப்பீடும் தர நேர்ந்தது. என்னைக் கேட்டால், அந்த இதழை யாரும் அச்சுக்கே அனுப்பியிருக்கக் கூடாது.

அமெரிக்காவின் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளத்திலும் குறிப்பு இருந்தது. 2022 இறுதியிலிருந்து, பணம், வட்டி, கடன் பற்றி 77 கட்டுரைகளைச் செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதி வெளியிட்டார்கள். எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பொதுவாக ஊழியர் குழுவின் பெயர். அதன்மேல் சொடுக்கினால்தான் தானியங்கித் தொழில்நுட்பம் எழுதியது, ஆசிரியர் சரிபார்த்தார் என்ற விவரம் வரும். ஆனால் 10,000 டாலரை 3 சதவீத வட்டிக்குப் போட்டால் முதல் ஆண்டில் 10,300 டாலர் 'சம்பாதிக்கலாம்' என்று ஒரு கட்டுரை சொன்னது. கிடைப்பது 300 டாலர். பள்ளிப் பிள்ளை பிடித்துவிடும் பிழை இது. வெளியிலிருந்து சுட்டிக்காட்டிய பிறகு 41 கட்டுரைகளில் திருத்தம் போட்டார்கள். அப்படியென்றால் 'சரிபார்த்தார்' என்ற சொல்லுக்கு யார் பொறுப்பு?

சிகாகோ சன்-டைம்ஸ் என்ற அமெரிக்க நாளிதழ் 2025 மே மாதம் கோடைக்கால வாசிப்புக்கென்று 15 புத்தகங்களைப் பரிந்துரைத்தது. அதில் 10 புத்தகங்கள் உலகத்திலேயே இல்லை. பிரபல எழுத்தாளர்களின் பெயரில் இல்லாத நாவல்கள், அவற்றுக்குக் கதைச் சுருக்கம் வேறு. வெளி நிறுவனம் தயாரித்துக் கொடுத்த இணைப்பிதழ் அது. எழுதியவர், செயலியைப் பயன்படுத்தியதையும் சரிபார்க்காமல் விட்டதையும் ஒப்புக்கொண்டார். ஆனால் அவர் ஒருவர்மேல் மட்டும் பழியைப் போட எனக்கு மனம் வரவில்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் அந்தப் பத்திரிகையின் ஊழியர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் விலகல் தொகை வாங்கிக்கொண்டு வெளியேறியிருந்தார்கள். ஆளைக் குறைத்துவிட்டு அறம் பற்றி வழிகாட்டி நெறிகள் வெளியிடுவதில் என்ன பயன்?

கருவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டு மணி நேரப் பேட்டியின் ஒலிப்பதிவை எழுத்தாக்கவும், ஆயிரக்கணக்கான பக்க அரசு ஆவணங்களில் ஒரு பெயரைத் தேடவும் அது உதவட்டும். கிடைத்ததை நிருபர் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

தமிழில் இப்போது ஆங்கிலச் செய்தியை அப்படியே செயலியில் போட்டு மொழிபெயர்த்து, செயற்கைக் குரலில் வாசிக்கவைத்து யூடியூபில் ஏற்றுகிறார்கள். யார் எழுதியது, யார் பார்த்தது என்று எதுவும் இருக்காது. தவறென்று தெரிந்தால் காணொளி சத்தமில்லாமல் காணாமல் போகும். அதற்குள் அது நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி முடித்திருக்கும்.

ஆசிரியர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். செயலி உதவியோடு வரும் ஒவ்வொரு செய்திக்கும் கீழே, அதைப் படித்துச் சரிபார்த்த ஒரு மனிதரின் பெயரைப் போடுங்கள். அப்புறம், பிழை நேர்ந்தால் திருத்தத்தை அந்தச் செய்தி வந்த அதே இடத்தில் போடுங்கள். பெயர் போட ஆள் இல்லை என்றால் அந்தச் செய்தியை நிறுத்திவையுங்கள்.