45 நாளில் பதில் வராவிட்டால் இழப்பீடா?

"கனடாவில் புதுச் சட்டம்! நேர்காணல் முடிந்து 45 நாளுக்குள் ஏன் எடுக்கவில்லை என்று காரணம் சொல்லாவிட்டால் கம்பெனி பணம் தர வேண்டும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஒன்றாரியோவில் வேலை தேடும் நம்மவர்கள் பலர் இதை நம்பிப் பகிர்கிறார்கள்.

45 நாள் என்பது மட்டும் சரி. இது கனடா முழுமைக்குமான சட்டமல்ல, ஒன்றாரியோ மாகாண விதி. 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. 25 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம், பொதுவில் விளம்பரம் செய்த வேலைக்கு உங்களை நேர்காணல் செய்திருந்தால்தான் பொருந்தும். பல சுற்று நடந்தால் கடைசிச் சுற்றிலிருந்து நாள் எண்ண வேண்டும். அதற்குள் ஆள் எடுப்பதில் முடிவாகிவிட்டதா இல்லையா என்று சொன்னால் போதும். நேரிலோ மின்னஞ்சலிலோ சொல்லலாம். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்ற ஒரு வரியும் பதில்தான், எரிச்சலாக இருந்தாலும்! காரணம் சொல்லும் கட்டாயம் இல்லை. பதில் வராததற்குத் தானாகக் கைக்கு வரும் இழப்பீடும் இல்லை.

மாகாண அரசின் இணையதளத்தில் வேலைவாய்ப்புத் தரநிலைச் சட்ட வழிகாட்டியில் இதைப் பார்க்கலாம். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மேலே அனுப்பாதீர்கள்.