படுக்கையறைக் காட்சிகளை எண்ணுவதற்குப் பெயர் விமர்சனமா?

சர்ச்சைக்குள்ளான நாவல் ஒன்று படமாகி வந்துவிட்டால் போதும், ‘துணிச்சலான படம்’ என்று விமர்சகர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். அடுத்த நொடியே, அந்தக் காட்சிகளை வைத்திருக்கிறார்களா, வெட்டிவிட்டார்களா என்ற விசாரணை. உடம்பு எவ்வளவு தெரிகிறதோ அவ்வளவுக்குச் சமூகம் மாறிவிட்டது என்று கணக்குப் போடும் இந்தப் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

தணிக்கையாளர்களுக்கே இவர்களைவிட விஷயம் புரிந்திருந்தது. ‘லேடி சாட்டர்லிஸ் லவ்வர்’ நாவலை வைத்து 1955இல் பிரான்சில் எடுத்த படத்துக்கு நியூயார்க் மாநிலம் அனுமதி மறுத்தபோது, மணவாழ்வுக்கு வெளியேயான உறவை அது ஏற்கத்தக்க நடத்தையாகக் காட்டுகிறது என்பதையே முக்கியக் காரணமாகச் சொன்னது. ஒரு கருத்தைச் சொன்னதற்காகப் படத்தைத் தடுக்க முடியாது என்று 1959இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது.

லில்லியன் ஹெல்மன் 1934இல் எழுதிய ‘தி சில்ட்ரன்ஸ் ஹவர்’ நாடகத்தில், பள்ளி நடத்தும் இரண்டு பெண்கள் காதலர்கள் என்று ஒரு மாணவி பழி சுமத்துகிறாள். வில்லியம் வைலர் 1936இல் அதைப் படமாக்கியபோது ஹாலிவுட்டின் தணிக்கை விதிகள் குறுக்கே நின்றதால், ஒருத்தி மற்றவளின் வருங்காலக் கணவனோடு தொடர்பு வைத்திருக்கிறாள் என்று பழியையே மாற்றினார்கள். நாடகத்தின் பெயரைக்கூட வைக்க விடவில்லை. அதே வைலர் 1961இல் அதே நாடகத்தை அதன் சொந்தப் பெயரில், மூலத்தில் இருந்த பழியோடு மறுபடியும் எடுத்தார். ஷெர்லி மெக்லைன் நடித்த மார்த்தா, தோழியின் மீது தனக்கிருப்பது காதல்தான் என்று அழுது ஒப்புக்கொள்கிறாள். தன்னையே அருவருத்துக்கொண்டு சொல்கிறாள். பிறகு தூக்கில் தொங்குகிறாள். அந்தக் காதலை இனி வாய்விட்டுச் சொல்லலாம், ஆனால் சொன்னவள் உயிரோடு இருக்கக் கூடாது என்பதுதான் 1961 கொடுத்த சலுகை. இவ்வளவு பெரிய மாற்றமும், மாற்றத்துக்குள் ஒளிந்திருந்த இவ்வளவு பெரிய கொடுமையும், ஒரு நிர்வாணக் காட்சிகூட இல்லாத படத்தில் கண்ணெதிரே நிற்கின்றன. காட்சிகளை எண்ணிக்கொண்டிருப்பவருக்கு இதில் எது கண்ணில் படும்?

பட்ரீஷியா ஹைஸ்மித் 1952இல் புனைபெயரில் வெளியிட வேண்டியிருந்த நாவலையே டாட் ஹேன்ஸ் ‘கரோல்’ என்று 2015இல் படமாக்கினார். காதலித்த பெண்கள் இருவரையும் சாகடிக்காமல், சேர்ந்து வாழும் நம்பிக்கையோடு கதையை முடிக்கும் நெஞ்சுரம் அந்த நாவலுக்கு அப்போதே இருந்தது. சினிமாதான் பல பத்தாண்டுகள் பின்தங்கிக் கிடந்தது. ஆனால் படத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், விடுதி அறைக் காட்சியைத் தாண்டிப் பேச்சு நகர்வதில்லை. வழக்கறிஞர்கள் சூழ்ந்திருக்கும் மேசையில், மகளை வளர்க்கும் உரிமையைக் கணவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, வந்து பார்க்க மட்டும் அனுமதி கேட்டு, என் இயல்பை மறுத்துக்கொண்டு வாழ்ந்தால் என் பிள்ளைக்கு நான் எதற்குப் பயன்படுவேன் என்று கேட்கிறாளே கரோல், அந்த இடத்தைப் பற்றி ஒரு வரி எழுத இவர்களுக்கு ஏன் கை வருவதில்லை?