முதல் பனிச்சறுக்குக்கு எந்த மலை?

அக்கா மகள் போன வாரம் முத்தியால்பேட்டை வீட்டுக்கு வந்திருந்தாள். "மாமா, எனக்குப் பனிச்சறுக்கு கத்துக்கணும். குல்மார்க் போகவா, இல்ல பாரிஸ்ல சித்தப்பா வீட்டுக்குப் போய் ஆல்ப்ஸ் பார்க்கவா?" என்று கேட்டாள். காஷ்மீரில் இருக்கும் குல்மார்க்தான் என்றேன்.

நான் முதன்முதலில் போனது மணாலி பக்கம் சோலாங். ஸ்கீயிங் உண்டு என்று சொல்லித்தான் டிராவல்ஸ்காரர் கூட்டிப்போனார். வாடகைக் கோட்டும் பூட்ஸும் மாட்டிவிட்டார்கள், கையைப் பிடித்துக் கொஞ்ச தூரம் இழுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அந்த ஏமாற்றம் யாருக்கும் வர வேண்டாம்.

முதல் சில நாள் முழுக்க நிற்பதற்கும் நிறுத்துவதற்கும்தான் சரியாக இருக்கும். காலில் மாட்டும் ஸ்கீ பலகைகளின் முன்முனைகளைக் கிட்டச் சேர்த்து, பின்பக்கத்தை அகல விரித்து, உள்விளிம்பால் பனியை அழுத்தினால் வேகம் குறையும். பயத்தில் பின்னால் சாய்ந்தால் ஸ்கீ நம் பேச்சைக் கேட்காது. முழங்காலை மடக்கி முன்னால்தான் சாய வேண்டும். இது உடம்பில் ஏற ஒரு வாரமும், மெல்லச் சாயும் நிலமும், பொறுமையான வாத்தியாரும் வேண்டும்.

குல்மார்க்கில் அந்த நிலம் இருக்கிறது. கோடையில் கோல்ஃப் மைதானமாக இருக்கும் புல்வெளிதான் குளிர்காலத்தில் கற்றுக்கொள்ளும் இடம். அரசின் பயிற்சி நிலையமும் அங்கேயே உண்டு. கம்பிவடத்தில் தொங்கிப் போகும் கொண்டோலாவில், முதல் நிறுத்தமான கொங்தூரி வரை போய்ப் பார்க்கலாம். அதற்கு மேலே 3,900 மீட்டரைத் தாண்டும் அஃபர்வாட் புதியவர்களுக்கு வேண்டவே வேண்டாம். 2023 பிப்ரவரியில் அந்த மலையில் பனிச்சரிவில் சிக்கிப் போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். அப்புறம், கடலோரத்தில் இருக்கும் நமக்கு குல்மார்க்கின் 2,650 மீட்டர் உயரமே அதிகம். போன அன்று ஓய்வெடுங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள்.

ஆல்ப்ஸைக் குறை சொல்லவில்லை. பாதுகாப்பில் அதுதான் மேல். பாதைகளைப் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று பிரித்து, இரவில் இயந்திரத்தால் சமன்படுத்தி வைக்கிறார்கள். ஆனால் சித்தப்பா வீடு கணக்கில் உதவாது. பாரிஸிலிருந்து மலைக்கு ரயிலில் பல மணி நேரம், எப்படியும் அங்கே அறை எடுத்தாக வேண்டும். பிப்ரவரியில் பிரான்சுப் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் விலை ஏறிவிடும். உத்தராகண்டில் ஆலியும் நல்ல இடம்தான், ஆனால் டேராடூனிலிருந்து ஒரு பகல் முழுக்க மலைப்பாதை.

எந்த மாதம் என்பது இடத்தை விட முக்கியம். அரையாண்டு விடுமுறையை நம்பி டிசம்பரில் டிக்கெட் போடாதீர்கள். நமக்கு வடகிழக்குப் பருவமழை போல, காஷ்மீருக்கு மேற்கே மத்தியதரைக்கடல் பக்கமிருந்து வரும் காற்றுச் சுழற்சிகள்தான் பனி கொண்டுவருகின்றன. அவை தாமதித்தால் மலை காய்ந்துவிடும். 2024 ஜனவரியில் குல்மார்க் பெரும்பாலும் வெறும் பழுப்புப் புல்லாகக் கிடந்தது, மாதக் கடைசியில்தான் பனி விழுந்தது.

அதனால் பிப்ரவரியில் பார்க்கச் சொல்லிவிட்டேன். ஒரு வாரப் பள்ளி லீவு பற்றி அக்காவிடம் நானே பேசுகிறேன்.