கபபிளாங்காவின் கடிதங்களைப் படித்துச் சிரித்தவர்களுக்கு

நம் சதுரங்க நண்பர்களிடையே நேற்றிரவு சுற்றிய அந்தக் காணொளியை நானும் கடைசிவரை பார்த்தேன். கியூபாவைச் சேர்ந்த முன்னாள் உலக சதுரங்க சாம்பியன் கபபிளாங்கா, பின்னாளில் தன் மனைவியான ஓல்காவுக்கு எழுதிய கடிதங்களை ஒருவர் குரலைக் குழைத்துப் படிக்கிறார். கொஞ்சலாக ஒரு வரி வந்தால் சிரிக்கிறார், கையில் பணமில்லை என்று வந்தால் அதைவிட உரக்கச் சிரிக்கிறார். கீழே நான் மதிக்கும் சிலரும் சேர்ந்து சிரித்திருந்ததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

அவை நமக்கு எழுதிய கடிதங்கள் அல்ல. கபபிளாங்கா நமக்கு விட்டுச்சென்றவை ஆட்டங்கள். 1927இல் பியூனஸ் அயர்ஸில் ரஷ்யாவில் பிறந்த வீரர் அலெகைனிடம் உலக சாம்பியன் பட்டத்தை இழந்தபோது ஆடிய 34 ஆட்டங்களும் நகர்த்தலுக்கு நகர்த்தல் அச்சில் இருக்கின்றன. அவற்றில் எத்தனை பிழை வேண்டுமானாலும் கண்டுபிடியுங்கள், நானும் உட்கார்ந்து கேட்கிறேன்.

"சாம்பியனோடு மோத வேண்டுமானால் 10,000 டாலர் திரட்டி வா என்று 1922இல் லண்டனில் விதி எழுதியவர்தானே, பணத்தாசைக்காரர்தானே" என்பீர்கள். எழுதினார், அலெகைன் உட்பட அன்றைய முன்னணி வீரர்களும் அதில் கையெழுத்திட்டார்கள். முதல் உலக சாம்பியன் ஸ்டெய்னிட்ஸ் நியூயார்க்கின் மனநல மருத்துவமனையில் காசில்லாமல் இறந்து அப்போது 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஆடுகிறவனுக்கும் அடுப்பு எரிய வேண்டும் என்று நினைப்பது ஆசையா? பட்டம் கைமாறியபின் அலெகைன் அதே விதியைப் பிடித்துக்கொண்டார். 1929இன் பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு அவ்வளவு தொகையைத் திரட்டுவது பெரும்பாடாகிவிட, மறுபோட்டி கடைசிவரை நடக்கவே இல்லை.

1934இல் ஓல்காவைச் சந்தித்தபோது கபபிளாங்காவுக்கு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தார்களே என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி, என்னிடம் பதிலில்லை. 1938 அக்டோபரில் ஓல்காவை மணந்தார். அடுத்த மாதமே ஹாலந்தில் ஆவ்ரோ என்ற வானொலி நிறுவனம் நடத்திய போட்டியில், ஐம்பது வயதில், இரத்த அழுத்தத்தோடு ஊர் ஊராக அலைந்து ஆடி, எட்டுப் பேரில் ஏழாவதாக வந்தார். அந்த நிலையில் இருக்கும் மனிதர் தன் கஷ்டத்தை யாரிடம் சொல்வார்? எதிராளியிடமா, பத்திரிகைக்காரரிடமா? தன்னைச் சிறியவனாக நினைக்கமாட்டாள் என்ற நம்பிக்கை இருக்கும் ஒருத்தியிடம்தானே சொல்வார்!

என் அப்பா பிலாயில் வேலை பார்த்த காலத்தில் மாதம் இரண்டு இன்லண்டு கடிதம் வரும். மடிக்கும் ஓரத்தில் பொடி எழுத்தில் கணக்கு இருக்கும்: நகைக்கடன் வட்டி 38, வாடகை பாக்கி 60. அதற்கு அடுத்த வரியிலேயே, "எண்ணெய் தெறித்த கை ஆறியதா, மஞ்சள் போட்டாயா" என்றிருக்கும். கணக்கு வேறு, பாசம் வேறு என்று அவர் பிரித்து எழுதவில்லை. ஒரு கல்யாண வீட்டில் நெருங்கிய உறவினர் ஒருவர் அந்தக் கடிதங்களில் ஒன்றை எடுத்து, கூடத்தில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினார். வட்டிக் கணக்கு வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அம்மா பந்தி பரிமாறிக்கொண்டிருந்தார். சாம்பார் வாளியைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். எனக்குப் பதினொரு வயது.

கடிதங்கள் வரலாற்று ஆவணங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆய்வாளர் குரலைத் தாழ்த்திப் படிப்பார். கபபிளாங்கா இறந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது, யாருக்கு வலிக்கப்போகிறது என்று கேட்பவர்களுக்குத்தான் நான் எப்படிச் சொல்வது? ஓல்கா 1994 வரை இருந்தார். கணவர் போய் அரை நூற்றாண்டுக்கு மேல்.

கல்யாணம் முடிந்து ஊர் திரும்பிய மறுநாள் காலை அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்து, எல்லாக் கடிதங்களையும் வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாக வைத்தார். என் கணக்கு நோட்டுக்குள் கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.